உரிமையாளர் எண் 1001

மார்ச் 3

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்துவிட்டாய் என்றால், இன்னும் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள். ஏழு வருடம் பேசாமல் இருந்த குடும்பத்துக்கு இரண்டு பக்கம் ஒன்றும் பெரிதில்லை.

உன் அண்ணனுக்கு நவம்பரில் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாளாகப் பார்த்து, வீட்டில் இருக்கும்போது வந்தது. எண்பது மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டும்போது வந்திருந்தால் யார் போய்த் தூக்கி வந்திருப்பார்கள்? வலது கையும் காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடுகிறது.

உனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ போன் நம்பரை மாற்றிக்கொண்டு போனவன். உன் விலாசம் எனக்குத் தெரியாது. போன வாரம் இவருடைய வேலைக் கையுறைகளுக்கு அடியில் ஒரு பழைய உறை கிடைத்தது. நீ அந்த மலை மேல் வேலைக்குச் சேர்ந்தபோது, நிரந்தர முகவரி சரிதானா என்று கேட்டு உங்கள் தொலைநோக்கி நிலையம் வீட்டுக்கு அனுப்பியது. இத்தனை வருடமும் என்னிடம் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவரிடம் ஒரு கறுப்பு டிஸ்க் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வயர் போட்டுச் செருகுவது. பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தினமும் மூன்று தடவையாவது அதை என் கையில் கொண்டுவந்து அழுத்துகிறார். நீ கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் போன மழையில் இடி விழுந்து கருகிவிட்டது. ரிப்பேர் கடைக்காரரிடம் பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். விண்டோஸ் வேண்டாம், எனக்குப் பழகினது அந்த லினக்ஸ்தான், அதையே போட்டுத் தாருங்கள் என்றேன். போட்டுத் தந்தார். டிஸ்க்கைச் செருகினால் அதன் பெயர் திரையில் வருகிறது. திறக்கப் போனால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. என் வீட்டில், என் புருஷன் பொருளுக்கு, எனக்கு அனுமதி இல்லையாம்.

கடைக்காரர் தன் மிஷினில் செருகிப் பார்த்தார். அங்கேயும் அதே பெட்டி. "கெட்டுப்போச்சும்மா, ஃபார்மேட் அடிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தப் போனார். நான் வயரைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பேச முடிந்த காலத்தில் நான் கேட்டதில்லை. இப்போது கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தர ஓர் அம்மாள் வருகிறாள். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் விட்டுவிட்டால் பிறகு திரும்புவது கஷ்டம் என்கிறாள். நாலு மாதம் ஓடிவிட்டது. இவரோ பத்து நாளாக அவளைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். டிஸ்க் திறக்காத ஒவ்வொரு நாளும் இந்த மனிதர் ஒரு கதவை உள்ளே சாத்திக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

இன்னொன்று. டிஸ்க்கை என் கையில் வைத்ததும் இடது கை விரலைத் தரைப்பக்கம் நீட்டிச் சுற்றுகிறார். என்னவோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் நாலு தடவை பெருக்கிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் தொலைந்த என் கம்மல் கிடைத்தது. அதைக் காட்டினால் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே தபால் வண்டி செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். சுற்றுவட்டாரத்தில் செல்போன் கூடாது. எங்கள் ரேடியோ தொலைநோக்கி கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது போன்றது. அது கேட்கும் சத்தம் அவ்வளவு மெல்லியது. பக்கத்தில் ஒரு செல்போன் முனகினால்கூட அதன் காது அடைத்துவிடும். இயக்குநர் அறையில் கம்பி போன் ஒன்று உண்டு. அதில் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினேன். காரணம் கேட்காதீர்கள்.

அண்ணன் உடம்பைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. டிஸ்க்கைப் பற்றி எழுதுகிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை. தொலைநோக்கி கேட்டதையெல்லாம் டிஸ்க்குகளில் ஏற்றி வண்டியில் அனுப்புவதுதான் இங்கே என் பிழைப்பு.

டிஸ்க் கெடவில்லை. கெட்ட டிஸ்க் பெயரே காட்டாது. உங்களுடையது தன் பெயரைச் சொல்லி, வாசலில் நின்று, உள்ளே விட மறுக்கிறது. அப்படியென்றால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. கடைக்காரரை அதன் பக்கம் விடாதீர்கள்.

சாதாரண பென் டிரைவ், கேமரா அட்டை இதெல்லாம் யாருடைய பொருள் என்று குறித்து வைப்பதில்லை. யார் செருகுகிறாரோ அவருடையது. ஆனால் அண்ணனின் டிஸ்க்கை நான்தான் லினக்ஸ் முறையில் தயார் செய்து கொடுத்தேன். அந்த முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பெயரை அல்ல, ஓர் எண்ணைத்தான் எழுதி வைக்கும். கம்ப்யூட்டரில் கணக்குத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படும். டிஸ்க்கில் இருக்கும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அது உங்களை வேற்றாள் என்று நினைக்கும். கொஞ்சம் முரட்டு விசுவாசம்.

கூட வைத்திருக்கும் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். டிஸ்க்கைச் செருகி, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, அதை அப்படியே அடியுங்கள். அது எதையும் மாற்றாது, பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். வருகிற வரியில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள். வேறு எந்தக் கட்டளையும், யார் சொன்னாலும், அடிக்க வேண்டாம்.

அந்த விரல் விஷயம். கை நீட்டி இருக்கிறதா, மடங்கி இருக்கிறதா? ஆள்காட்டி விரல்தானா? வட்டம் பெரிதா, சிறிதா? சும்மா கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

"வேறு எந்தக் கட்டளையும் அடிக்க வேண்டாம்" என்று எழுதினாய் பார், அந்தக் கடிதம் சாயங்காலம் வந்தது. நான் காலையிலேயே அடித்துவிட்டேன்.

கடைக்காரர் மனசு கேட்காமல், "எல்லாத்தையும் உங்க பேருக்கு மாத்தி எழுதிடலாம்மா" என்று ஒரு துண்டுத்தாளில் கட்டளை எழுதிக் கொடுத்திருந்தார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அரை டிகிரி சாய்ந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத்தான் அடித்தேன். ஆனால் சாய்கோட்டுக்குப் பிறகு தாள் மடிந்திருந்தது. அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது என்று நினைத்து நானும் இடைவெளி விட்டேன். அது என்ன செய்தது தெரியுமா? டிஸ்க்கை விட்டுவிட்டு மொத்தக் கம்ப்யூட்டரையும் என் பெயருக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டது. அதன் சொந்தக் குடல், ஈரல் எல்லாம் என் பெயரில். கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. அணைத்துப் போட்டால் எழுந்திருக்கவே இல்லை.

நல்ல வேளை, டிஸ்க் அதில் செருகியே இல்லை. நான் கட்டளையில் கண்ணாக இருந்தபோது இவர் அதை உருவி இடது கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் செத்த பிறகு திரும்பிப் பார்த்தால், காலுறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடத்தில் பென்சில் டப்பாவைக் காப்பாற்றிய பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் சீட்டில் இருந்த வரியை மூன்று தடவை சரிபார்த்து அடித்தேன். நீ கேட்ட எண்: 1001. பக்கத்திலும் அதே 1001. என் எண் என்னவென்று கடைக்காரரிடம் பார்க்கச் சொன்னேன். 1000 என்றார். ஒரே ஓர் எண் வித்தியாசம். அதற்கா இத்தனை வீம்பு?

விரல் விஷயம். கை நேராகக் கீழே நீட்டி இருக்கிறது. ஆள்காட்டி விரல். வட்டம் சின்னது, ஒரு டம்ளர் வாய் அளவு. நிதானமாகச் சுற்றுகிறார். நான் போதும் என்று கையைப் பிடித்து நிறுத்தினால் கோபம் வருகிறது. பயிற்சி அம்மாள் இது நரம்புப் பிடிப்பாக இருக்கும் என்று குறித்துக்கொண்டு போனாள். அவளை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

நீ "சும்மா கேட்கிறேன்" என்று எழுதினால் சும்மா கேட்கவில்லை என்று அர்த்தம். எட்டு வருடம் என் வீட்டில் சாப்பிட்டவன் நீ.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

போன செவ்வாய்க்கிழமை வண்டியில் அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் இது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

1001 என்பது நான்.

உங்கள் பழைய கம்ப்யூட்டரில் நான் இரண்டு கணக்குகள் திறந்தேன். முதலாவது "வீடு", உங்கள் எல்லோருக்கும் பொதுவாக. முதலில் திறக்கும் கணக்குக்கு 1000 என்ற எண் விழும். இரண்டாவது என் படிப்புக்காக, நீங்கள் என்னைக் கூப்பிடும் "வாண்டு" என்ற பெயரில். அதற்கு 1001. மூன்றாவது கணக்கு கிடையாது. ஆக அந்த டிஸ்க்கில் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் என் கணக்குக்குள் நுழைந்து சேமிக்கப்பட்டது. நான் அங்கே இல்லை. அப்படியென்றால் அண்ணன்தான் என் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைப் படித்ததும் தொலைநோக்கித் தட்டுகளுக்குக் கீழே போய் நின்றேன். பதினாறு தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபத்தை மூடும் அகலம். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, பூமியில் மனிதன் பிறப்பதற்கு முன்னால் கிளம்பிய ஒரு முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தினமும் அதைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன் நான். அன்றைக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் என் சட்டைப் பையில், உங்கள் கடிதத்தில் இருந்தது. என் பாஸ்வேர்ட் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அப்புறம் நினைவு வந்தது. ஒரு நாள் நான் அடிக்கும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேலி செய்தார். அதை நான் மாற்றவே இல்லை.

எளிதான காரணமும் இருக்கலாம். கூண்டிலிருந்து எடுக்கும் போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்க அவருக்கு ஒரு சின்ன நிரல் எழுதித் தந்திருந்தேன். அது என் கணக்கில் இருந்தது. அதற்காக நுழைந்திருப்பார், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே நிரலை "வீடு" கணக்கிலும் போட்டு வைத்தவன் நான். அது அவருக்கும் தெரியும்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் வீட்டை விட்டுப் போனதற்கு அண்ணன்தான் காரணம் என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொல்லிவிட்டுப் போனது அப்படி. அவர் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்.

நான் அவருக்குக் கீழே கை காட்டும் வேலை பார்த்தேன், நினைவிருக்கிறதா? கிரேன் கூண்டில் இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் நிற்பவன் கையால் சொல்ல வேண்டும். ஏற்று, இறக்கு, திருப்பு, நிறுத்து. அவன் காட்டாமல் மேலே இருப்பவர் ஓர் அங்குலம் அசைக்கக் கூடாது. அன்றைக்கு நாலு டன் கம்பிக்கட்டு, பாதி ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் "ஏற்று" காட்டினேன். அவர் ஏற்றவில்லை. மறுபடியும் காட்டினேன். கூண்டை விட்டு இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னாலும், "இவன் கை பார்த்து இனிமே நான் சுமை தூக்க மாட்டேன்" என்றார். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்று மாலையே பெட்டியைக் கட்டினேன்.

நான் யாரிடமும் சொல்லாதது இது: நான் சுமைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். கை காட்டும் வேகத்தில் இரண்டடி உள்ளே வந்துவிட்டேன். கட்டின் ஒரு பக்கச் சங்கிலி சரியாக மாட்டவில்லை. மேலேயிருந்து அவருக்குத் தெரிந்தது கட்டின் ஓரத்தில் என் தலை மட்டும்தான். அவர் ஏற்றியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போனேன்.

டிஸ்க்கைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, கடைக்காரர் முயன்றதையே ஒழுங்காகச் செய்வது: எல்லாவற்றையும் 1000-க்கு மாற்றி எழுதுவது. சரியான கட்டளை இதோடு வைத்திருக்கும் சீட்டில் இருக்கிறது, இடைவெளி எங்கே வரும் என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். ஒரே வரி, நொடியில் முடியும். ஆனால் அதற்குப் பிறகு டிஸ்க்கில் 1001 இருந்த அடையாளமே இருக்காது. இரண்டாவது, டிஸ்க்கைத் தொடாமல் விட்டுவிட்டு, புதுக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு கணக்குத் திறப்பது. இப்போது அதில் ஒரே கணக்குதான் இருப்பதால் அடுத்த எண் தானாக 1001 என்று விழும். டிஸ்க்குக்குப் பெயர் பற்றிக் கவலையில்லை. எண் பொருந்தினால் கதவைத் திறந்துவிடும்.

எதைச் செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதை நானே முடிவு செய்வது சரியில்லை.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஏழு வருடம் இந்த மனிதரோடு ஒரே வீட்டில், "கூடப் பிறந்தவனை இப்படித் துரத்திட்டீங்களே" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் குத்திக் காட்டியவள் நான். அவர் ஒரு தடவைகூட "அவன் சுமைக்கு அடியில நின்னான்டி" என்று சொல்லவில்லை. குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உன் கடிதத்தை அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அந்த இடம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியது அவருக்கா எனக்கா என்று கேட்காதே. திட்டி முடித்தாயிற்று.

இரண்டாவது வழியைத்தான் செய்தேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, பெரிய முடிவாம் முடிவு!

இவரைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் கணக்குத் திறந்தேன். பெயர் கேட்டது, "வாண்டு" என்று அடித்தேன். அடுத்தது பாஸ்வேர்ட். ஏதாவது ஒன்றைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் இடது கை என் கையைத் தள்ளியது. நாற்காலியிலிருந்து சரிந்து, ஒரே விரலால், ஒவ்வொரு பொத்தானாக அடித்தார். திரையில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. எண்ணினேன், ஒன்பது. மறுபடியும் ஒரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டது. தயங்காமல் இரண்டாம் தடவையும் அதையே அடித்தார். "பொருந்துகிறது" என்று வந்தது.

கரண்டிக்குப் பெயர் சொல்ல முடியாத மனிதர் தம்பி. தன் பெயரையே சொல்ல முடியாதவர். உன் பாஸ்வேர்டை விரல் மறக்கவில்லை.

டிஸ்க்கைச் செருகினேன். அந்த அனுமதிப் பெட்டி வரவே இல்லை. கதவைத் தட்டவே தேவையில்லாத வீட்டுக்குள் போவது போல, சும்மா திறந்துகொண்டது.

உள்ளே தேதி போட்ட ஃபோல்டர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். முதல் தேதியைப் பார்த்தேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள். அன்று முதல், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், கூண்டுக்கு ஏறியதும் ஒரு படம், இறங்குவதற்கு முன் ஒரு படம். வீட்டுக்கு வந்து உன் பெயரில் நுழைந்து அதை வைத்துவிட்டு, வெளியே வந்து, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் பில், என் தங்கைக்கு அனுப்பும் படம் எல்லாம் "வீடு" கணக்கில்தான் பார்ப்பார். அது எனக்குத் தெரியும். இது மட்டும் உன் கணக்கில்.

படங்களை எப்படிச் சொல்வேன்! முதலில் திறந்தது எனக்கு என்னவென்றே புரியவில்லை. விளிம்பு வரைக்கும் வெள்ளை. அப்புறம்தான் தெரிந்தது, மூடுபனி. ஊரே இல்லை. ஊர் இருந்த இடத்தில் வெள்ளைக் கடல், அதற்கு மேலே தூரத்து கிரேன்கள் மூன்றின் கழுத்து மட்டும், அவற்றின் மேல் அப்போதுதான் எழுந்த சூரியன். அந்த வெள்ளைக்கு அடியில் எங்கேயோ நான் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு. என் தலைக்கு மேல் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒன்றில் மழை ஒரு தெரு வரைக்கும் வந்து, சுவர் எழுப்பினது போல நிற்கிறது. இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் கருநீலம். ஒன்றில் கட்டடத்தின் நிழல் ஊரைத் தாண்டி ஆற்றைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, நிழலின் உச்சியில் கிரேன், அதற்குள் ஒரு புள்ளி, இவர். ஒன்றில் பருந்து ஒன்று பறக்கிறது, கீழே. பறக்கும் பருந்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நாமெல்லாம் வாழ்க்கை முழுக்க அதன் வயிற்றைத்தான் பார்த்துவிட்டுச் சாகிறோம். முதுகு என்ன நிறம் தெரியுமா? காய்ந்த புகையிலை மாதிரி ஒரு தங்கப் பழுப்பு. இன்னொன்றில் நம் மொட்டை மாடி, நகம் அளவுக்கு. கொடியில் பச்சைப் போர்வை. என்னுடையது.

மனிதர்கள் பார்ப்பதற்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள் நான். இருபத்து மூன்று வருடம் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். சாப்பாட்டைக் கேட்பேன். மேலே எப்படி இருந்தது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டதில்லை. அதனால் அன்றைக்குக் கேட்டேன். மூடுபனிப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏங்க, மேல எப்படி இருந்துச்சு?" என்றேன். ரொம்ப நேரம் வாய் அசைந்தது. "அது... அது..." வந்தது. அப்புறம் நிமிர்ந்து திரையைப் பார்த்து, தெளிவாக, அடி வயிற்றிலிருந்து, "அம்மாடி!" என்றார்.

அவரே திடுக்கிட்டுப்போனார். நான் மறுபடியும் கேட்டேன், மறுபடியும் "அம்மாடி!" என்றார். அடுத்த படம், அதற்கும் "அம்மாடி!" பயிற்சி அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயர் சொல்லச் சொல்லிக் காட்டும் கரண்டிப் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, இனி இந்தப் படங்களை வைத்தே பயிற்சி என்று சொல்லிவிட்டாள். நேற்று "பனி" வந்தது. இன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

வானம் தெளிவாக இருந்த நாட்களில் அடிவானத்தில் ஒரு மலைக்கோடு தெரிகிறது. அந்த நாட்களில் மட்டும் மூன்று நான்கு படம் எடுத்திருக்கிறார், மலையைக் கிட்டத்தில் இழுத்து இழுத்து. அது நீ இருக்கும் மலையா?

எல்லாம் பார்த்தாயிற்று, இனி அந்த விரல் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இப்போது டிஸ்க்கை என் கையில் தருவதில்லை, உன் கடிதத்தை எடுத்துத் தருகிறார், தந்துவிட்டு விரலைக் கீழே நீட்டிச் சுற்றுகிறார். நீ அளவெல்லாம் கேட்டாய், நான் டம்ளர் வாய் வரைக்கும் அளந்து எழுதினேன், அதற்குப் பதிலே எழுதவில்லை. ஒளிக்காமல் சொல்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இன்னும் உட்காரவில்லை.

அது எங்கள் மலை இல்லை. எங்கள் மலை அதற்குப் பின்னால் இன்னும் இருநூறு கிலோமீட்டர், எந்தக் கேமராவுக்கும் எட்டாது. ஆனால் நிலையத்துப் பெரிய வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நம் ஊரிலிருந்து அந்த மலைக்கோடு வழியாகக் கோடு இழுத்தால் நேராக இங்கே வருகிறது. திசை தப்பவில்லை.

அந்த ஒன்பது எழுத்து என்ன என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுத மாட்டேன். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான்.

விரலைப் பற்றி ஒளித்தது உண்மைதான். உங்கள் முதல் கடிதத்திலேயே புரிந்துவிட்டது. வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்றுதான் அளவு கேட்டேன். நீங்கள் லென்ஸ் தேய்ப்பவர், தப்பிக்க இடம் தராமல் அளந்து அனுப்பிவிட்டீர்கள். அது நரம்புப் பிடிப்பு இல்லை. கீழே எதுவும் விழவும் இல்லை. கை நேராகக் கீழே, ஆள்காட்டி விரல், சின்ன வட்டம், நிதானம். அவருக்கு நான் ஆயிரம் தடவை காட்டியது. "இறக்கு."

வாய்ப்பேச்சு போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது எங்கள் தொழில் பாஷை. அதில் அவர் எப்போதும் மேலே இருந்து பார்த்தவர், காட்டியவர் இல்லை. இப்போது அவர் தரையில் இருக்கிறார். மேலே இருப்பவன் நான். இவன் கை பார்த்துத் தூக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர், அவர் கை பார்த்து நான் இறங்க வேண்டும் என்று ஐந்து மாதமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு அந்த பாஷை தெரியாது. தெரிந்த ஒருவனுக்கு டிஸ்க் வழியாகத்தான் எட்ட முடியும் என்று கண்டுபிடித்தாரே, அதை நினைத்தால் எனக்கு இந்தத் தட்டுகளெல்லாம் சின்னதாகத் தெரிகிறது.

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். எத்தனை நாளுக்கு என்று கேட்டார், தெரியாது என்றேன். இந்தக் கடிதம் செவ்வாய் வண்டியில் முன்னால் வரும்.

ஒரு விதி மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுமை தரையைத் தொடும் வரைக்கும் கை காட்டுபவர் விரலை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சுமை பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் நீங்கள் கையைப் பிடித்தால் அவருக்குக் கோபம் வருகிறது. இனிப் பிடிக்காதீர்கள். கட்டிலுக்கு அடியிலும் தேடாதீர்கள். இந்தக் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நான் கை பார்த்துவிட்டேன் என்று சொல்லுங்கள். வாசலில் என் கால் படும் வரைக்கும் விரலை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

வாண்டு